கட்டணமும் வாசலும்

எஸ்.பி.எம். முடிவுகள் வந்த பிறகு நம் வீடுகளில் நடக்கும் பேச்சில் அறம் என்ற சொல் வருவதில்லை. எவ்வளவு ஆகும், எங்கே தங்குவது, கடன் கிடைக்குமா, முடித்தால் வேலை உண்டா, இவ்வளவுதான் பேச்சு. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு என்றே நினைக்கிறோம். அதிலும் 'மலிவான கல்லூரி' என்று தேட ஆரம்பித்துவிட்டால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறோம். வசதியில்லாதவர்கள் வேறு வழியின்றிச் செய்யும் காரியம்போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் எவ்வளவு செலவில் ஆசிரியராகிறார் என்பதில், பின்னாளில் அவர் யாருக்கு ஆசிரியராக இருக்க முடியும் என்பதும் அடங்கியிருக்கிறது. குறிப்பாக இசை ஆசிரியர் விஷயத்தில்.

இதை நான் யோசிக்கக் காரணம் என் அக்கா மகள். தாப்பாவில் வளர்ந்தவள். கோயில் வகுப்பில் தேவாரமும், பக்கத்துத் தாமானில் ஒருவரிடம் கீபோர்டும் கற்றுக்கொண்டாள். எஸ்.பி.எம். எழுதி முடித்ததும் இசைக் கல்வியில் பட்டம் படிக்கவேண்டும் என்றாள். மேடையில் பாடுவதற்காகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இசைப்பாடம் நடத்தவேண்டும், அவ்வளவுதான். அவள் அப்பா கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு இறங்கும் லோரி ஓட்டுகிறார். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மியூசிக்குக்குப் போயி இவ்ளோ காசா மச்சான்?"

அந்தக் கேள்வியில் 'போயி' என்ற சொல்தான் முக்கியம். இதே மனிதர், மகள் மருத்துவம் என்று சொல்லியிருந்தால் எங்கே கடன் வாங்கலாம் என்று கேட்டிருப்பார். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அப்படி வீட்டை அடகு வைத்திருக்கின்றன. மருத்துவத்துக்கு விலை இருக்கலாம், இசை மலிவாகக் கிடைக்கவேண்டும். ஆக, 'மலிவு' என்று சொல்லும்போதே இசையைப் பற்றிய ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம்.

அவள் முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் தனியார் கல்லூரியில் உடனே டிப்ளோமா சேரலாம், பிறகு பட்டம். நல்ல பியானோக்கள், ஒலிப்பதிவு அறை, பேர் பெற்ற ஆசிரியர்கள். பல பத்தாயிரம் வெள்ளி ஆகும். பி.டி.பி.டி.என். கடன் ஒரு பகுதியைத் தாங்கும், மீதி அப்பாவின் லோரியிலிருந்து வரவேண்டும். இரண்டாவது, ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம்., மூவெட் எழுதி, தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது. அங்கே இசைக் கல்வியில் இளங்கலைப் பட்டம் இருக்கிறது. கட்டணத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. தாப்பா ரோட்டில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மூன்றாவது, எஸ்.பி.எம். தேர்ச்சியோடு ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிப்பது. படிப்புக் கட்டணம் இல்லை, மாதப்படியும் உண்டு. படித்து முடித்தால் அரசு அனுப்பும் இடத்துக்குப் போகவேண்டும். அது சபாவாகவும் இருக்கலாம்.

இதில் சேராத இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊரிலேயே மாரா பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே கணக்கியல், கணினி மாதிரியான துறைகள்தான். இசை, ஷா ஆலம் வளாகத்தில். ஆனால் எந்த வளாகத்தில் என்ன துறை இருந்தாலும் அவளுக்கு அது பொருட்டில்லை. அது பூமிபுத்ராக்களுக்கான பல்கலைக்கழகம். பக்கத்திலேயே இருக்கும் மிக மலிவான உயர்கல்விக்கு அவள் கொடுக்கவேண்டிய கட்டணம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஏனென்றால் அங்கே இருப்பது கட்டணம் இல்லை, வாசல்.

கட்டணத்துக்கும் வாசலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

கலைக்கு விலை பேசக்கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. "ஆசை இருந்தா காசப் பாக்காத" என்பார்கள். அரசவையின் பரிசை மறுத்த தியாகராஜரை உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கதையில் ஒரு பகுதியை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அவர் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். தெருவில் பாடிக்கொண்டு போனார், வீடுகளிலிருந்து அரிசி விழுந்தது. சரபோஜி கொடுக்காத இடத்தில் திருவையாற்றுப் பெண்கள் கொடுத்தார்கள். கலை ஒருநாளும் செலவில்லாமல் நடந்ததில்லை. அந்தச் செலவை யார் செய்கிறார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

குருகுலத்தையும் இப்படித்தான் நினைவுகூர்கிறோம். காசு வாங்காமல் கற்றுக்கொடுத்த காலம் என்று. காசு வாங்கவில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். சீடன் தண்ணீர் இறைத்தான், துணி துவைத்தான், ஆண்டுக்கணக்கில் கூடவே நடந்தான். ஆனால் அந்த வீட்டுத் திண்ணைவரை யார் வரமுடிந்தது? நாதஸ்வரம் ஒரு சாதியின் வீடுகளுக்குள், கச்சேரிப் பாட்டு பெரும்பாலும் வேறொரு சாதியின் வீடுகளுக்குள். பறையடித்தவனின் மகனுக்கு எந்தத் திண்ணையும் திறக்கவில்லை. கட்டணம் இல்லாத கல்வி அது. வாசல் இருந்த கல்வியும் அதுதான்.

அந்த வாசலை உடைத்ததில் கட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இசை ரசிகர்கள் விரும்பமாட்டார்கள். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது இசைக்கல்லூரி அதன் பகுதியாக இருந்தது. 1949இல் சென்னையில் அரசு ஒரு கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கியது, முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். பாடத்திட்டம், விண்ணப்பப் படிவம், கட்டணம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. இசையின் ஆன்மா போய்விட்டது என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதில் என்ன கேட்டிருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதும். குருவின் மனைவிக்குப் பிடித்திருக்கவேண்டியதில்லை. கட்டணம் என்பது வெளியே எழுதி ஒட்டப்பட்ட நிபந்தனை. வாசல் என்பது எழுதப்படாத நிபந்தனை, சில இடங்களில் சட்டமாகவே எழுதப்பட்டது. கட்டணத்தைக் குறைக்கலாம், திரட்டலாம், தவணையில் கட்டலாம். பிறப்பைத் தவணையில் கட்ட முடியாது.

அப்படியானால் கட்டணம் நல்லது, அதிகக் கட்டணம் இன்னும் நல்லதா? இல்லை. ஒரு எல்லைக்கு மேலே போனால் கட்டணமே வாசலாகிவிடுகிறது. அதுவும் உள்ளே போனவரின் முதுகிலேயே ஏறிக்கொண்டு, அவர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒருவர் 60,000 வெள்ளிக் கடனோடு படிப்பை முடிக்கிறார், ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம், 15 ஆண்டுகளில் அடைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 69,000 வெள்ளி. மாதம் ஏறக்குறைய 380 வெள்ளி. பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இசை ஆசிரியருக்கு அது மாலை நேர வகுப்புகளின் வருமானம். அந்த 380ஐ எங்கே சம்பாதிப்பார்? தாப்பாவில் ஒரு பிள்ளையின் இசை வகுப்புக்கு மாதம் 40 வெள்ளி கொடுக்கும் அம்மாக்களுக்கே மூச்சுமுட்டுகிறது. கோலாலம்பூர் கொண்டோவில் ஒரு மணி நேரத்துக்கே அதைவிட அதிகம் கொடுப்பார்கள். அவர் பேராசைக்காரராக இருக்கவேண்டியதில்லை. மாதக் கடைசியில் தவணை கட்டவேண்டும், அவ்வளவுதான். மெதுவாக அவருடைய மாணவர்கள் மாறுவார்கள். மாணவர்கள் மாறினால் அவர் சொல்லித்தரும் இசையும் மாறும். அவர் யாரையும் ஒதுக்கவில்லை. அவருக்காகக் கடன் ஒதுக்கிவிடுகிறது.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். வேறு பல படிப்புகளில் கடன் வருமானத்தைத்தான் தின்னும். ஆசிரியப் படிப்பில் அது மாணவர்களையும் தேர்ந்தெடுக்கும். இசை மாதிரி, பள்ளி நேரத்தில் அரைகுறையாகவும் பள்ளிக்கு வெளியே காசுக்கும் கிடைக்கும் பாடத்தில் இது இன்னும் கூர்மையாக நடக்கும். அதனால் இசைக் கல்விக்கு மலிவான கல்லூரியைத் தேடுவது கஞ்சத்தனமோ, கலையின்மேல் நம்பிக்கைக் குறைவோ கிடையாது. பிற்காலத்தில் காசில்லாத பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது.

இங்கே தஞ்சோங் மாலிமின் பழைய கதை ஒன்று உதவும். 1922இல் ஆங்கில அரசு அங்கே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தது. மலாய்க் கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்பதுதான் நோக்கம். கூடை முடைவதும் தோட்டவேலையும் பாடத்தில் இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் கிராமத்தோடு இருக்கட்டும் என்ற கணக்கு. ஆனால் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தவர்களில் நாவலாசிரியர் ஹருண் அமினுர்ரஷிட் இருந்தார், 1938இல் இளம் மலாயர் சங்கத்தைத் தொடங்கிய இப்ராஹிம் யாக்கோப் இருந்தார். கிராமத்துப் பையன்களை ஆசிரியராக்கிய ஒரு கல்லூரி, ஒரு சமூகத்துக்கே எழுத்தையும் அரசியலையும் கொடுத்தது. கடனில்லாமல் கிராமத்துக்குத் திரும்பமுடிந்த ஆசிரியர்களால் நடந்தது அது.

அடுத்த ஆண்டே, 1923இல், தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளி வந்தது. சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? பல தோட்டங்களில் கிராணியும் கங்காணியும்தான் வாத்தியார். நமக்குப் பள்ளியைக் கட்டாயமாக்கினார்கள், அந்தப் பள்ளிக்கு வாத்தியாரை உருவாக்கும் ஒரு தஞ்சோங் மாலிம் நமக்கு அப்போது கிடைக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, அதே தஞ்சோங் மாலிமுக்கு லோரி ஓட்டுநரின் தமிழ் மகள் விண்ணப்பிக்க முடிகிறது. இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். 'கவர்மெண்ட் யூனிதானே' என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை இசை படித்தால் அவனிடம் யாரும் 'யாருக்குச் சொல்லித்தரப்போகிறாய்' என்று கேட்பதில்லை. அவன் லண்டனுக்குப் போகட்டும், வியன்னாவுக்குப் போகட்டும். ஏழைப் பெண் மட்டும் படிப்பைத் தொடங்கும் முன்பே சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டுமா? அவளுக்கு இசையை இசைக்காகவே விரும்பும் உரிமை கிடையாதா?

இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அவள் தாப்பாவுக்குத்தான் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பு என்பது பெண்பிள்ளைகளிடம் வேறு அர்த்தத்திலும் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது, திரும்பமுடிகிற நிலையில் இருப்பதைப் பற்றி. கடனாளிக்கு அந்தத் தேர்வே இல்லை. பொதுப்பணத்தில் படித்தவர்கள் எல்லாரும், ஏழையோ பணக்காரரோ, ஒன்றுக்குக் கடமைப்பட்டவர்கள் என்றும் நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட ஊரில் வேலை செய்வது அந்தக் கடமை ஆகாது. நமக்குத் திறந்த வாசலுக்கு நாமே கதவாக நிற்காமலிருப்பதுதான் அது. கடமை என்ற சொல் கனமாக இருந்தால் நாணயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. அதை எழுப்பியது அவளேதான். "அங்க நம்ம பாட்டு இருக்காது இல்ல மாமா?"

நம் பொதுப் பல்கலைக்கழகங்களின் இசைக் கல்வி பெரும்பாலும் மேற்கத்திய இசைக்குறியீட்டின் மேல் நிற்கிறது, அதோடு மலாய் மரபு. தேவாரப் பண் அங்கே மையமில்லை. எங்கள் வட்டாரத்துப் பையன்கள் தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் உறுமியும் பம்பையும் அடிக்கிறார்கள். குறியீடு தெரியாமல், காதாலேயே, சிக்கலான தாளங்களைப் பிடிக்கிறார்கள். அதற்குப் பட்டம் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. ஊருக்குள்ளேயே பலருக்கு அது இரைச்சல். தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு மேல் ரெக்கார்டர் ஊதக் கற்கும் அதே பையன், சாயங்காலம் உறுமி அடிக்கப் போகிறான். இரண்டும் இசைதான் என்று அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. மலிவாகக் கிடைக்கும் கல்வி எது இசை என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. இது கட்டணத்தைவிட ஆழமான விலை.

மற்ற இடங்களில் வேறுமாதிரி நடந்திருக்கிறது. இலங்கையில் 1945 முதல் பல்கலைக்கழகம்வரை இலவசக் கல்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்தது இன்று ஒரு பீடம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவனம். மட்டக்களப்புப் பெண் ஒருத்தி தன் மொழியின் இசையில், கட்டணமின்றி, பட்டம் பெற்று ஆசிரியராகலாம். தாப்பாப் பெண்ணுக்கு மலிவு ஒரு பக்கம், நம் இசை இன்னொரு பக்கம். நம் இசைக்காகச் சிதம்பரத்துக்குப் போகலாம்தான். அண்ணாமலைச் செட்டியாரின் குடும்ப வணிகம் பர்மா, இலங்கை, மலாயா என்று பரவியிருந்தது. பால்மரம் சீவிய ஊர்களும் அந்த வணிகத்தின் வரைபடத்துக்குள் இருந்தவைதான். துன் சம்பந்தன் அங்கே படித்தார், அவர் தோட்ட முதலாளியின் மகன். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்குச் சிதம்பரம் கப்பல் டிக்கெட் தூரத்தில் இருந்தது. இன்று விமான டிக்கெட் தூரத்தில். பட்டத்தை இங்கே அங்கீகரிப்பார்களா என்ற கவலை தனி.

நான் அவளிடம் சொன்னது: ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பம் போடு, கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம், அங்கிருந்து தஞ்சோங் மாலிம். தனியார் கல்லூரியின் படிவத்தில் இப்போது கையெழுத்து வேண்டாம். ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவத்தில் விரல் மரத்துப்போகும் என்று பயந்தாள். அந்தப் பயம் நியாயமானது. காலமும் ஒரு கட்டணம்தான், அதற்குக் கடன் கொடுக்க யாரும் இல்லை. இடம் கிடைக்காமலும் போகலாம். நேர்முகத்தில் வாசித்துக் காட்டச் சொல்லும்போது, சின்ன வயதிலிருந்து பியானோ கிரேட் எழுதிவந்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் மறைத்து அறிவுரை சொல்வது சரியில்லை. ஆனாலும் தெரிந்தே எடுக்கும் அந்த அபாயம், தெரியாமல் எடுக்கும் 15 ஆண்டுத் தவணையைவிட நல்லது. அங்கே அவள் கற்கப்போவது ஒரு பிள்ளைக்கு எப்படிக் காது திறப்பது என்ற வித்தை. அது ரெக்கார்டருக்கும் உறுமிக்கும் பொது.

ஆனால் அந்த 'நம்ம பாட்டு' கேள்விக்கு அவள் ஒருத்தியின் தேர்வால் பதில் சொல்ல முடியாது. சொல்லவேண்டியது அவளும் இல்லை. நம் கோயில்கள் திருவிழாவுக்கு எவ்வளவு செலவு செய்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட் எடுத்து ஆள் வரவழைக்கிறோம். பெர்மிட் முடக்கப்படும்போது கூச்சல் போடுகிறோம். இங்கேயே ஒரு பிள்ளையை வாசிக்கவைக்க ஒரு கோயில் ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறது? பட்டம் படிக்கும் ஒரு மாணவி விடுமுறையில் கோயில் வகுப்பு எடுத்தால் அவளுடைய தங்கும் செலவை அந்தக் கோயில் ஏற்கலாம். உறுமிக் குழுவின் தாளங்களை அவள் உட்கார்ந்து எழுதிவைக்க ஒரு சின்னத் தொகை கொடுக்கலாம். 1960களில் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டி, கூட்டுறவுச் சங்கமாகத் தோட்டங்களையே வாங்கத் தொடங்கிய சமூகம் இது. பத்து வெள்ளியால் என்ன செய்யமுடியும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை.

மலிவான கல்லூரியைத் தேடுவது படிக்கிற பிள்ளையின் வேலை. கல்வியை மலிவாக்குவது அந்தப் பிள்ளையின் வேலை கிடையாது. எந்தக் கல்லூரியும் தானாக மலிவாவதில்லை, யாரோ முன்பே அரிசி போட்டிருக்கிறார்கள். அரிசி போட்டவர் அரசு என்றால் அரசு சொல்லும் பாட்டு, செட்டியார் என்றால் செட்டியார் கட்டிய ஊர். நம் பாட்டு பட்டமாக வேண்டும் என்றால், உண்டியலைத் திறக்கும் நாளில் கோயில் நிர்வாகத்திடம் அதைக் கேட்டுப்பார்க்கலாம். திருவிழாக் கணக்குக் கூட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான், இளைஞர்கள் யாரும் வருவதில்லை.